பகலில் தூங்குகிறவருக்கு ஒரு ஏர்கோன்

எங்கள் வீட்டில் இரவு என்பது காலையில்தான் தொடங்கும். என் கணவருக்குச் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட். மாலையில் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போனால், மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் ஜொகூர் பாருவுக்கு, எங்கள் வீட்டுக்குத் திரும்புவார். குளித்துவிட்டு, இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, சன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுப்பார். அதற்குப் பிறகு நான் குக்கர் வைக்க மாட்டேன், அம்மியைத் தொட மாட்டேன், தையல் மெஷினை மிதிக்க மாட்டேன். ரவிக்கை தைக்கக் கொடுக்கும் பெண்களுக்கும் இது தெரியும். மாலை வரை யாரும் போன் பண்ண மாட்டார்கள். பக்கத்து வீட்டு மலாய் அக்கா பலகாரம் செய்தால் பையைக் கம்பிக் கதவில் மாட்டிவிட்டு, கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டுவார், தூங்குகிறாரா என்று. நானும் தலையை ஆட்டுவேன்.

அந்தப் பகல்கள் எனக்குப் பிடிக்கும், சொல்லிவிடுகிறேன். வெளியே சாலை வெயிலில் வெளுத்துக் கிடக்கும். ரொட்டிக்காரரின் ஹாரன் அடுத்த சந்தில் கேட்டுத் தேய்ந்து போகும். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படிக்கிறார்கள், வீட்டில் பேச ஆள் கிடையாது. பாதி இருட்டில் வெறுங்காலோடு நடந்து நடந்து, நான் விழித்துக்கொண்டிருக்கிறேனா, இல்லை அவருடைய கனவுக்குள் வந்து போய்க்கொண்டிருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

சங்கதி என்னவென்றால், அவருக்குக் கனவு வருகிற அளவுக்குத் தூக்கமே வரவில்லை. எங்கள் படுக்கையறை மேற்குப் பார்த்தது. மதியத்துக்கு மேல் சுவரைத் தொட்டால் கை சுடும். வீட்டை விற்றுவிட்டுப் போனவர் விட்டுச் சென்ற பழைய ஏர்கோன் ஒன்று இருந்தது. அதைப் போட்டால் குளிரும். ஆனால் அதைப் போட்டால் இவர் தூங்க மாட்டார். பில் ஏறுகிறதே என்று, படுத்தபடியே காது வெளிச்சுவரில் இருக்கும் கரண்ட் மீட்டரைக் கேட்டுக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் எழுந்து அணைப்பார். வியர்த்துப்போய் மறுபடி எழுந்து போடுவார். லாயாங் லாயாங் என்ற ஊரில், ரயில் வீட்டை ஆட்டிக்கொண்டு போகிற இடத்தில் தூங்கி வளர்ந்தவள் நான். கட்டையைப் போலக் கிடப்பேன். தூக்கத்துக்கு ஒருவர் இவ்வளவு கஷ்டப்படுவார் என்று கல்யாணத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சிரிப்பு நின்றது ஒரு காலையில். பாலத்து நெரிசலில் மோட்டாரில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டதாகவும், பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்து எழுப்பியதாகவும் அவரே சொன்னார். ஏதோ வேடிக்கைக் கதை சொல்வதுபோல, தோசையைப் பிட்டுக்கொண்டே சொன்னார். நான் தோசைக்கரண்டியைக் கீழே வைத்தேன்.

“இப்படி இனிமே போகாதீங்க. நைட்டை விட்டுடுங்க.”

“பிள்ளைங்க படிப்பு முடியணும்லா. நைட்டுக்குத்தானே அலவன்ஸ்.”

“அப்போ தூங்குங்க.”

“கரண்ட் கம்மியா இழுக்குற புது ஏர்கோன் வாங்கிப் பாப்போம். அதுலயும் தூக்கம் வரலன்னா, சத்தியமா இந்த வருசத்தோட நைட்டை விட்டுடறேன். போதுமா?”

போதும் என்றேன். சொல்லிவிட்டுச் சட்டியைக் கழுவப் போன பிறகுதான் அந்தப் பேச்சு என்னை எங்கே கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறது என்று புரிந்தது. நல்ல ஏர்கோன் கிடைத்தால் அவர் தூங்குவார், உயிர் தப்பும். ஆனால் ராத்திரி வீட்டில் இருக்க மாட்டார். மோசமான ஏர்கோன் கிடைத்தால் எனக்கு என் கணவர் திரும்பக் கிடைப்பார், அதற்குள் பாலத்தில் ஒன்றும் ஆகாமல் இருந்தால். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது, அவருடைய தூக்கமும் அவரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் இருக்கும் மின்சாமான் கடைக்குப் போனோம். சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாக ஏர்கோன்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு லேபிள், அதில் நட்சத்திரங்கள். எங்கள் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்தபோதுகூட நான் இத்தனை நட்சத்திரம் பார்த்ததில்லை. கடைக்காரச் சீன அம்மா ஐந்து நட்சத்திரத்தைத் தட்டிக் காட்டி, “லிமா பிந்தாங், அபாங்!” என்றார், ஐந்து நட்சத்திரம் அண்ணே என்று மலாயில். இவரோ லேபிளில் வேறு எதையோ தேடிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“சிங்கப்பூர்ல லேபிள்ல எத்தனை டிக் மார்க்னு பாத்துத்தான் வாங்குவாங்கம்மா. இதுல டிக்கையே காணோமே.”

“டிக்கெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம். இங்க ஸ்டார்தான்.”

“ரெண்டும் ஒண்ணுதானே? அஞ்சு டிக்குன்னா அஞ்சு ஸ்டார்.”

“அங்க வாங்குற சம்பளமும் இங்க வாங்குற சம்பளமும் ஒண்ணா? அவங்க அளவு வேற, நம்ம அளவு வேற. ஸ்டாரை ஸ்டாரோட வச்சுப் பாருங்க.”

சம்பளம் என்றதும் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. இரண்டு நாட்டுக்கு நடுவில் பிழைப்பவர், எதையும் இரண்டு கணக்கில் போட்டுப் பார்த்தே பழகியவர். அடுத்து இரண்டு ஹார்ஸ்பவர் ஏர்கோன் ஒன்றின் முன்னால் போய் நின்றுகொண்டார். பெரிதாக வாங்கினால் சட்டென்று குளிரும், அதுவும் ஐந்து நட்சத்திரம்தான், அப்புறம் என்ன யோசனை என்றார்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளின் அடிப்பகுதிக்குக் குனிந்தேன். ரவிக்கை அளவு எடுக்கிற கண், பொடி எழுத்துக்குப் பயப்படாது. ஒரு வருடத்துக்கு எத்தனை யூனிட் மின்சாரம் ஆகும் என்று அங்கே போட்டிருக்கிறார்கள். சின்ன ஏர்கோனிலும் ஐந்து நட்சத்திரம், பெரிய ஏர்கோனிலும் ஐந்து நட்சத்திரம். ஆனால் அடியில் இருந்த எண் பெரியதில் எங்கேயோ போயிருந்தது. நட்சத்திரம் சொல்வது, தன் அளவுக்காரர்களுக்குள் அது எவ்வளவு சிக்கனம் என்பதைத்தான். சிக்கனமான யானையும் யானைத் தீனிதான் தின்னும். எங்கள் அறையில் கட்டிலைச் சுற்றி நடக்கவே ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும், அங்கே யானைக்கு என்ன வேலை?

கடைக்கார அம்மா, அறையில் வெயில் படுமா, எந்த நேரம் போடுவீர்கள் என்று கேட்டார். மேற்குச் சுவர், பட்டப்பகல் என்றோம். அப்படியானால் ஒரு ஹார்ஸ்பவர் திணறும், ஒன்றரை சரியாக இருக்கும், அதுவும் இன்வெர்ட்டராக இருந்தால் அறை குளிர்ந்த பிறகு மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும் என்றார். ஒன்றரையில் ஐந்து நட்சத்திரம் இரண்டு இருந்தன. அவற்றிலும் வித்தியாசம் இருந்தது. கொடுக்கிற மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர் திருப்பித் தருகிறது என்று இன்னொரு எண். அது கூடினால் நல்லது, வருட யூனிட் குறைந்தால் நல்லது. ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயுமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு நினைப்பு ஓடியது. வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று ஒருவர் கணக்குப் போட வேண்டுமென்றால், ஒரு வீட்டை மனதில் வைத்திருக்க வேண்டும் அல்லவா? தினமும் இத்தனை மணி நேரம் ஏர்கோன் ஓடுகிற ஒரு வீடு. எந்த நேரம் என்று போடவில்லை. நான் ராத்திரி என்று எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டில் ஒருத்தி பாத்திரம் கழுவிவிட்டு வருகிறாள். அவள் கணவன் ஏற்கனவே படுத்திருக்கிறான். ரிமோட் எங்கே என்று கேட்கிறான், உன் தலையணைக்கு அடியில்தான் என்கிறாள். விளக்கை அணைக்கிறார்கள். வெளியே மழை. அவன் நாளைக்குக் காலைவரை எங்கேயும் போகப்போவதில்லை. கடையில் யாரோ சலவை மெஷினின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த வீட்டுக்குள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

அந்த நினைப்பிலிருந்து வெளியே வரும்போது என் கை இரண்டு நட்சத்திர ஏர்கோன் ஒன்றின் மேல் இருந்தது. விலை மலிவு. இதை வாங்கினாலும் நன்றாகத்தான் குளிரும். குளிருக்கும் நட்சத்திரத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் முதல் பில் வந்ததும் இவர் மறுபடி எழுந்து எழுந்து அணைப்பார். தூக்கம் போகும். சொன்ன சொல் தவறாத மனிதர், வருடக் கடைசியில் நைட்டை விட்டுவிடுவார். ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், சண்டை போடாமல், எனக்கு அவர் கிடைத்துவிடுவார். ஆனால் வருடக் கடைசிவரை ஒவ்வொரு நாளும் தூங்காத கண்ணோடு பாலம் ஏறுவார். சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டேன்.

“இந்த அஞ்சு ஸ்டாரை எடுங்க, ஒன்றரை,” என்றேன்.

“வெலைதான் கொஞ்சம் கூட…”

“நீங்க கண்ணை மூடிப் படுக்கணும். அதுக்குத்தான் இந்த வெலை.”

மாட்ட வந்த இளைஞர், வேலை முடிந்ததும் லேபிளைப் பிய்க்க விரலை வைத்தார். “அது இருக்கட்டும் தம்பி,” என்று பாய்ந்து தடுத்தார் இவர். படுத்தால் நேர் எதிரே தெரியும். முதல் நாள் அந்த ஐந்து நட்சத்திரத்தையும் சாமி படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே கிடந்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். கதவுக்கு அடியில் இருந்த இடைவெளிக்கு மிச்சத் துணியில் நீளமாக ஒரு பை தைத்துப் பஞ்சு அடைத்து வைத்தேன்.

அவர் தூங்கினார். மதியம் போய்ப் பார்த்தேன், தூங்கினார். அணைக்க எழுந்திருக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல. நீலத் திரைக்குப் பின்னால் வெயில் நகர்ந்துகொண்டிருந்தது. ஏர்கோன் சத்தமே இல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சமைக்க வேண்டியது கிடந்தது, இருந்தும் அவர் பக்கத்தில் சும்மா சாய்ந்தேன். பட்டப்பகலில் எனக்குப் போர்வை தேவைப்பட்டது. தூக்கத்திலேயே நகர்ந்து அவர் எனக்கு இடம் விட்டார். சந்தோஷமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அந்த வாரங்கள் அப்படியே கழிந்தன. பில் வந்தது. கொஞ்சம் கூடத்தான், பகல் முழுக்க ஓடுகிறதே. ஆனால் அவர் பயந்த அளவுக்கு இல்லை. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மாலைத் தேநீரைக் குடித்தபடி சொன்னார்.

“உன் செலக்சன் சூப்பர்மா. ஒடம்பு எவ்ளோ ஃப்ரெஷ்ஷா இருக்கு தெரியுமா? இன்னும் அஞ்சு வருசம் தாராளமா நைட் ஓட்டலாம்.”

அவர் ஹெல்மெட்டை மாட்டினார், மோட்டாரைத் தள்ளி வாசலுக்குக் கொண்டுவந்தார், ஸ்டார்ட் செய்தார். கேட்டை மூட வேண்டியவள் மூடாமல் நின்றேன்.

“என்னம்மா?”

“நீங்க ராத்திரி வீட்ல இருக்கணும். எனக்கு அதான் வேணும்.”

எஞ்சினை அணைத்தார். “என்ன திடீர்னு? பிள்ளைங்க ஃபீஸ்…”

“நானும் தைக்கிறேன், இன்னும் தைக்கிறேன். பகல்ல மெஷினை மிதிக்கலாம்னா ரெண்டு மடங்கு தைப்பேன்.”

“இதை ஏர்கோன் வாங்குறதுக்கு முன்னாலயே சொல்லியிருக்கலாம்ல?”

“அப்போ நீங்க தூங்கவே இல்லையே. தூங்காத மனுசன்கிட்ட போய் என்னத்தக் கேக்குறது?”

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மோட்டார் டேங்கின் மேல் வைத்தார். தெரு முழுக்க மாலை வெயில் மஞ்சளாகக் கிடந்தது. பாலத்தில் நேரமாக நேரமாக நெரிசல் ஏறும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அவசரப்படாமல் என்னைப் பார்த்தார். சிவப்பு ஏறாத, தெளிந்த கண்கள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு நான் சொன்னது முழுசாக அவருக்குள் போய்ச் சேர்வது தெரிந்தது.

“நாளைக்கே டே ஷிஃப்ட் கேக்குறேன்,” என்றார்.