ஆழ்துளைக் கிணற்றில் ஒரு கடல் சிப்பி

முற்காலத்தில் கடல் எதுவரை ஏறி நின்றது என்று கண்டறிவது என் வேலை. கரையோர மண்ணைத் தோண்டி, அதிலுள்ள சிப்பிகளின் வயதைக் கணக்கிடுவேன். என் முதல் சிப்பி கிடைத்தது கடற்கரையில் அல்ல. ராஜபாளையத்தில், எங்கள் வீட்டுக் கொல்லையில்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கடலைப் பார்த்ததே இல்லை. கொல்லையில் போர் போடும் லாரி காலையிலிருந்து இரைந்துகொண்டிருந்தது. அது கக்கிய சாம்பல் நிறச் சேற்றைக் கிளறியபோது கையில் அகப்பட்டது, வரிவரியாய் ஒரு சிப்பி. குழியிலிருந்து வழிந்த தண்ணீரை நக்கிப் பார்த்தேன். கரித்தது.

“அப்பா! நம்ம வீட்டுக்கு அடியில கடல் இருக்கு!”

அப்பாவும் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். “இன்னும் கீழ போனா அம்புட்டும் உப்புத்தண்ணிதான் வரும். மெஷின நிறுத்துங்கய்யா.”

அம்மா ஜெபம் செய்ய உள்ளே போய்விட்டாள். லாரிக்காரர் மட்டும் சிப்பியை வாங்கிப் புரட்டினார்.

“பாறையையே மாவாக்குற மெஷினுங்க இது. இந்தச் சிப்பி மட்டும் எப்படிங்க முழுசா மேல வரும்?”

பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த மாமா அதுவரை வேப்பமரத்தடியில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். இப்போது முன்னால் வந்தார்.

“நாந்தான் அத்தான் சேத்துல போட்டேன். பிள்ளைக்கு வெளையாட்டு காட்டலாம்னு...”

அப்பா திட்டிய திட்டில் மாமா மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிவிட்டார். சாயங்காலம் பால்கோவாவோடு திரும்பினார். அதற்குள் மெஷின் மறுபடி ஓடி நின்றிருந்தது. தண்ணீர் ஏராளம், ஆனால் அதே கரிப்பு.

“அப்பத் தண்ணி ஏன் மாமா கரிக்குது?”

மாமா பால்கோவாவை என் பக்கம் நகர்த்தினார். பாறையிடுக்கில் ஊறிக் கிடக்கும் நீரும் கரிக்கும் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. ஆகவே, சிப்பி நிஜம், மாமா சொல்வதுதான் பொய் என்று தீர்ப்பெழுதிவிட்டுப் பால்கோவாவைத் தின்றேன்.

இன்று எந்தச் சிப்பியை எடுத்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது இங்கேயே வாழ்ந்ததா, எங்கிருந்தோ வந்து சேர்ந்ததா? அன்று அதைக் கேட்க எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால், முந்தின வாரம் கடலோரத்து மணப்பாட்டுத் திருவிழாவுக்குப் போன இடத்தில், கூட வர முடியாமல் அழுத மருமகளான எனக்காக மாமா வெயிலில் கரை நெடுக அலைந்து பொறுக்கியது அது என்று அன்றே தெரிந்திருக்கும்.