பக்கத்தில் நிற்கிற கணினி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பாய்லர் பார்க்கிறவருக்குத் தந்தி என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததில்லை, பள்ளிக்கூடம் வைத்தது. ஒரு சொல்லைத் தொடங்கினால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு கட், கட், கட் என்று அடிப்பார். அதிலும் 'த' வரிசை அவருக்குப் பரம விரோதி. திக்குகிறவனுக்கு அவன் திக்குகிற எழுத்திலேயே பட்டப்பெயர் வைத்த மகராசன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும், மூளைக்காரன். பின்னால் வேலைக்கு வந்தவர்களுக்கு இந்தக் கதை தெரியாது. நீராவி வந்துவிட்டதென்று பேசும் பெட்டியில் சேதி சொல்கிறவர், அதனால் தந்தியண்ணன் என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். அவரும் திருத்தவில்லை. திருத்த வேண்டுமானால் முதலில் 'தந்தி' என்று சொல்ல வேண்டுமே.

அவருடைய நாற்பத்தாறாவது வயதில் பாய்லர் அறையை மூடப்போவதாகச் சொன்னார்கள். தானே சூடாகி, தானே அணைந்து, தானே கணக்கு வைத்துக்கொள்ளும் மின்சார இயந்திரம் வருகிறது, அதற்கு மனிதன் வேண்டாம். மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. தந்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, துணி விநியோக மேசையில் ஓர் இடம் இருக்கிறது, வார்டுகளிலிருந்து போன் வரும், கேட்டுக் குறித்துக்கொண்டு அனுப்ப வேண்டும், திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள் என்றார். முடியாவிட்டால் வேறு ஏதாவது பார்க்கலாம் என்றும் சொன்னார். வேறு ஏதும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். எழும்போது ஓர் அட்டையைக் கையில் கொடுத்தார். போனை எடுத்ததும் சொல்ல வேண்டிய வாசகம் அதில் அச்சாகியிருந்தது: 'துணி விநியோகம். தயவுசெய்து தேவையைச் சொல்லுங்கள்.'

தந்தி எண்ணிப் பார்த்தார். து, த, தே. மூன்று. எழுதியவர் பள்ளிக்கூடத்தில் அவரோடு படித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து 'தூரக்கலம்' பத்தொன்பதாம் பாகத்தைப் போடச் சொன்னதற்குக் காரணம் இந்த அட்டைதான். கோயிலுக்குப் போகிறவன் போகிற மாதிரி, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

தூரக்கலம் என்பது விண்வெளிக் கப்பல் ஒன்றைப் பற்றிய தொடர். வெளிநாட்டில் எடுத்துத் தமிழ் பேச வைத்தது. அவருக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது வாராவாரம் வந்தது. பத்தொன்பதாம் பாகத்தில் கப்பலின் இன்ஜினியரம்மா வெளியே பழுது பார்க்கப் போய், இரண்டு கதவுகளுக்கு நடுவிலிருக்கும் சின்ன அறையில் மாட்டிக்கொள்வாள். உள்கதவு திறக்காது. பன்னிரண்டு நிமிடத்துக்குத்தான் காற்று. கேப்டன் அந்தப் பக்கம் நின்று கதவைக் குத்துவார், கத்துவார், ஒன்றும் ஆகாது. அவளுக்குப் பேச்சுத்துணை கப்பலின் கணினி ஒன்றுதான். அதற்குக் கையில்லை, காலில்லை, சுவரில் ஒரு பச்சை விளக்கு மட்டும். நிமிடத்துக்கு ஒரு தரம் அவள், "கணினி, இருக்கியா?" என்பாள். அது ஏற்ற இறக்கமே இல்லாத குரலில், ஒவ்வோர் எழுத்தையும் ஒரே அளவில் வெட்டி வைத்த மாதிரி, "பக்கத்தில் நிற்கிறேன்" என்று சொல்லும்.

காலே இல்லாத ஒன்று நிற்கிறேன் என்கிறதே என்று சிறுவனாக இருந்த தந்திக்குத் தோன்றவில்லை. அடுத்த நாள் குளியலறைக்குள் போய்த் தகர வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அதைச் சொல்லிப் பார்த்தான். வாளிக்குள் குரல் கணகணவென்று கணினி மாதிரியே வந்தது. ஒரே அளவாக, ஒரே மட்டமாகச் சொன்னான். ஓர் எழுத்துக்கூட மாட்டவில்லை. மறுபடி சொன்னான். முப்பது தரம் சொல்லியிருப்பான். அம்மா கதவைத் தட்டி உள்ளே யாருடா என்று கேட்டதற்கும் அதையே சொன்னான். அம்மா பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்தாள். வந்தவர் கதவைத் திறந்தபோது, தலையில் வாளியோடு ஒருவன் உள்ளே அழுதுகொண்டிருந்தான். சந்தோஷத்தில்தான். ஆனால் வாளிக்கு வெளியே நிற்பவர்களுக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு அடி விழுந்தது.

சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளும் அதுதான் காப்பாற்றியது. நீராவி அழுத்தம் ஏறி முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே வந்து நின்றதும், பாய்லர்காரர் பேசும் பெட்டியின் பொத்தானை அமுக்கி, 'தயார்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் தேய்ப்புக்கூடத்தில் துணி தேய்க்கும் உருளைகளை ஓட்டுவார்கள். உலகத்தில் எத்தனையோ வார்த்தைகள் இருக்க, தயார். பொத்தானை அமுக்கினார். த, த, த என்று மேலே தேய்ப்புக்கூடத்துப் பெட்டியில் சத்தம் போனது. பதினொரு பெண்கள் விரிப்பும் கையுமாகக் காத்திருந்தார்கள். ஒருத்தி பெட்டி கெட்டுவிட்டதென்று அதன் தலையில் நான்கு தட்டுத் தட்டினாள். கீழே வியர்த்துப்போன தந்தி கண்ணை மூடிக்கொண்டு, மனசுக்குள் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு சொன்னார்: "பக்கத்தில் நிற்கிறேன்."

மேலே பதினொரு பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் பெட்டியில் ஒரு குரல் வந்தது.

"எந்தப் பக்கம்?"

கேட்டவளைத்தான் இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். தேய்ப்புக்கூடத்தில் அன்றிலிருந்து நீராவி வந்ததற்கு அதுதான் வார்த்தை. புதிதாக வருகிறவர்களுக்கு, தயார் என்றால் என்ன என்றே தெரியாது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவர் டிவி முன்னால் உட்கார்ந்தது பொழுதுபோக்குக்கு இல்லை. மூன்று 'த' இருக்கும் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அந்தக் குரலை இன்னொரு தரம் கடன் வாங்க உட்கார்ந்தார். பக்கத்தில் மனைவி. தரையில் மனைவியின் தம்பி. தொடர் புதுசாகத் துடைத்து மெருகேற்றி மறுபடி வந்திருப்பதைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொடுத்தது அந்த மைத்துனன்தான்.

முதல் பத்து நிமிடம் நன்றாகப் போனது. பன்னிரண்டு வயதில் அண்டவெளியாகத் தெரிந்தது இப்போது ஓட்டை போட்ட கறுப்புத் துணியாகத் தெரிந்தது. ஓரிடத்தில் காற்றடித்து நட்சத்திரங்கள் எல்லாம் சேர்ந்து ஆடின. கப்பலின் வெளிக்கதவு பழைய சலவை இயந்திரத்தின் மூடி என்று தந்தி சத்தியமே செய்வார், கீல் இருக்கிற இடம் அவருக்குத் தெரியாதா. மனைவி கேப்டனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைக் கையில் ரெட்டை மடிப்பு விழுந்திருக்கிறது, எவளோ அவசரத்தில் ஒரு தரம் தேய்த்துவிட்டுக் கோடு தப்பி மறுபடி தேய்த்திருக்கிறாள் என்றாள். இத்தனை வருஷமாக விண்வெளி என்று பார்த்ததற்குப் பின்னாலும் ஒரு தேய்ப்புக்கூடம் இருந்திருக்கிறது. அது தந்திக்குப் பிடித்தது. தொடர் கொஞ்சமும் சின்னதாகிவிடவில்லை, சொந்தக்காரர் வீடு மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் இன்ஜினியரம்மா மாட்டிக்கொண்டாள். தந்தி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பச்சை விளக்கு எரிந்தது. "கணினி, இருக்கியா?"

"உத்தரவுக்குத் தயார்," என்றது கணினி.

புதுக் குரல். தேனும் பாலும் கலந்த, ஹோட்டலில் இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கிற குரல். அடுத்த நிமிடமும் அதையே சொன்னது. பன்னிரண்டு தரம் சொன்னது. தயார், தயார், தயார். அவருக்கு வராத அதே வார்த்தை.

மைத்துனன் விஷயத்தை விளக்கினான். புதுசாக மறுபடி பேச வைத்திருக்கிறார்கள், பழையதில் தப்பு ஜாஸ்தியாம். மூலத்தில் கணினி சொல்வது 'ஸ்டாண்டிங் பை', உத்தரவுக்குக் காத்திருக்கிறேன் என்கிற அர்த்தத்தில் ஒரு சாதாரண ஆங்கிலச் சொற்றொடர். அதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் போட்டால் பக்கத்தில் நிற்பதாக வருமாம், பழைய ஆள் பிரித்துப் போட்டுவிட்டார். ரசிகர்களின் இணையப் பக்கத்தில் இதற்கென்று தனிப் பட்டியலே இருக்கிறது என்று போனை எடுத்துக் காட்டினான். பழைய தமிழின் பத்துப் பெரிய கோளாறுகள். முதலிடம்: பக்கத்தில் நிற்கிறேன். கீழே இருநூறு பேர் வயிற்றைப் பிடித்துச் சிரித்திருந்தார்கள். காலில்லாத கம்ப்யூட்டர் நிக்குதாம் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

"மாமா, முப்பது வருஷமா நீங்க ஒரு மிஸ்டேக்கைப் பேசிட்டு இருந்திருக்கீங்க," என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். சொன்ன பிறகு மாமா முகத்தைப் பார்த்தான், பார்த்ததும் தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி எழுந்து போனான்.

தந்தி சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்தார். திருப்பி வைத்தார். நாளைக்குப் போகவில்லை என்றார். அதைச் சொல்வதற்கு அரை நிமிடம் ஆனது, ஏனென்றால் 'நா'கூட அன்று மாட்டிக்கொண்டது.

மனைவி டிவியை அணைத்தாள்.

"அவங்க டிவில மாத்திட்டாங்க. என் காதுல யாரு மாத்துனா?" என்றாள். "மொத நாள் கேட்டது அப்படியேதான் இருக்கு. போய் உக்காருங்க."

திங்கட்கிழமை எட்டு மணிக்கு விநியோக மேசையில் உட்கார்ந்தார். அட்டையைப் போனுக்குச் சாய்த்து வைத்தார். எட்டேகாலுக்கு மணி அடித்தது. எடுத்தார். து, து, து. அந்தப் பக்கம் ஒரு பெண் ஹலோ ஹலோ என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மேற்பார்வையாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டார். மறுபடி மணி அடித்தது. இந்தத் தரம் தந்தி அட்டையைக் குப்புறப் போட்டார். கண்ணை மூடினார். டிவியில் இனி அந்தக் குரல் இல்லை, வாளியும் எப்போதோ ஓட்டையாகி எடைக்குப் போய்விட்டது. ஆனால் மேலே, தேய்ப்புக்கூடத்து மூன்றாம் உருளையில், அதைத் திருத்தாமல் வைத்திருக்கும் மனைவியின் இரண்டு காது இருந்தது.

"பக்கத்தில் நிற்கிறேன்," என்றார்.

போனின் பின்னணியில் ஏதோ வண்டி உருளும் சத்தம், யாரோ யாரையோ அவசரமாகக் கூப்பிடும் சத்தம்.

"யாரு, துணியா?" என்றாள் அந்தப் பெண். அறுவை சிகிச்சைக்கூடத்து நர்ஸ். விடிந்ததிலிருந்து நின்றுகொண்டே இருப்பவளின் குரல். "அப்பாடா. அங்கேயே நில்லுங்கண்ணே, போயிடாதீங்க. நாப்பது விரிப்பு, இருபது அங்கி. அரை மணிக்குள்ள வேணும். இங்க ஒருத்தரு எங்களை நம்பிப் படுத்திருக்காரு."

"நாற்பது விரிப்பு, இருபது அங்கி," என்றார் தந்தி, எல்லா எழுத்தையும் ஒரே அளவாக வெட்டி வைத்து. "வருகிறது."

இருபத்திரண்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. புதன்கிழமைக்குள் வார்டுகளில் போனை எடுத்ததும், 'பக்கத்துல நிக்கிறவர் இருக்காரா' என்று கேட்க ஆரம்பித்தார்கள். முந்தின ஆள் இருந்தபோது போனை வைத்தால் துணி வருமா வராதா என்று தெரியாதாம், இவர் நிற்கிறேன் என்றால் நிற்கிறாராம். குழந்தைகள் வார்டில் ஒரு நர்ஸ், ஊசி போடும்போது பிள்ளைகளைச் சிரிக்க வைக்க அந்தக் குரலில் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் வந்து குப்புறக் கிடந்த அட்டையைப் பார்த்தார். எடுத்தார். அதில் இருப்பதைச் சொல்லவில்லையென்று யாரும் புகார் கொடுக்கவில்லை என்றார். அப்புறம் அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் செருகினார். அடுத்த திங்கட்கிழமையும் இதே நாற்காலிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தந்தி மைத்துனனின் போனை வாங்கி அந்தப் பட்டியலைத் திறந்தார். எழுதுவதில் திக்கு வராது, ஆனாலும் ஒரு விரலால் தட்டுவதால் அதுவும் கிட்டத்தட்டத் தந்திதான். ஒரு மணி நேரம் தட்டினார்.

'பத்தொன்பதாம் பாகத்தை மறுபடி பார்த்தேன். புதுசு சரியாக இருக்கிறது. பழசு தப்பாக இருக்கலாம். ஆனால் அந்த அம்மாவுக்குப் பன்னிரண்டு நிமிசமும் உத்தரவு போட ஒன்றும் இல்லை, அதனால் உத்தரவுக்குத் தயார் என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். பழசை எழுதியவர் பேர் கடைசியில் மாற்றாமல் விட்டிருக்கிற எழுத்தில் ஓடிவிட்டது, நிறுத்திப் பார்த்தும் மங்கலாக இருக்கிறது. ஐயாவோ அம்மாவோ தெரியாது. உங்கள் தப்பினால் எனக்குப் பேச்சு வந்தது. வேலை வந்தது, போக இருந்தது, போகவில்லை. மனைவி வந்தாள். கேப்டன் சட்டையைத் தேய்த்தவருக்கும் ஒரு வணக்கம், ரெட்டை மடிப்பு எங்கள் வீட்டில் மட்டும்தான் கண்ணில் பட்டது, கவலை வேண்டாம். நீங்கள் எங்கே இருந்தாலும் உங்களுக்காகவும் யாராவது பக்கத்தில் நிற்க்கிறேன் என்று சொல்லட்டும்.'

அனுப்பியும் விட்டார். மைத்துனன் வாங்கிப் படித்தான். ஒரு தரம் படித்துவிட்டு இன்னொரு தரம் படித்தான்.  கடைசியில், "மாமா, நிற்கிறேன்ல ஒரு 'க்' ஜாஸ்தி போட்டிருக்கீங்க. திருத்திடவா?" என்றான்.

தந்தி போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். ஆமாம், இருந்தது. முக்கியமான சொல்லிலேயே, முப்பது வருஷம் சொன்ன சொல்லிலேயே. சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"த… த… தப்புதான்," என்றார், தொடங்கியதை விடாமல், அவசரப்படாமல். "இருக்கட்டும் மாப்ள. யாருக்காவது ஒதவும்."