அவர் பீடி குடித்ததில்லை

செய்தி வந்தபோது பாலக்கோடு பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். தேநீர்க்கடைத் தொலைக்காட்சியில் இரண்டு தலைவர்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் இரண்டு கொடிகள். ஒன்று நம்முடையது. மற்றது அமெரிக்காவினுடையது. ஒலியை யாரோ குறைத்து வைத்திருந்தார்கள்.

கைப்பேசியில் செல்வி அண்ணி, மாதேஷ் அண்ணனின் மனைவி. அழவில்லை.

“தம்பி, அண்ணன் போயிட்டாருங்க.”

அண்ணி பேசிக்கொண்டே போனார்.

“வர்றவங்க எல்லாம் பீடிதான் காரணம்னு பேசறாங்க. பொணத்த வச்சுகிட்டே பேசறாங்க. நீங்க அங்க அவருகூட இருந்தவரு. எழுதப் படிக்கத் தெரிஞ்சவரு. அவரு பீடி குடிச்சதில்லனு எழுதுங்க. எழுதுவீங்களா?”

எழுதுவதாகச் சொன்னேன். அதனால்தான் இது.

காரிமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்த மாதேஷ், சமையற்காரர், நுரையீரல் கெட்டு இறந்தார். ஐம்பது வயது ஆகவில்லை. அவர் பீடி குடித்ததில்லை. சிகரெட் குடித்ததில்லை. அவருடைய நெஞ்சுக்குள் போனது அமெரிக்க ராணுவ முகாம்களின் குப்பை எரிந்த புகை. வளைகுடாவில் ஒரு முகாம். ஆப்கானிஸ்தானில் ஒன்று. கடைசியாக ஆப்பிரிக்காவில் ஒன்று.

அந்தக் கடைசி முகாமில்தான் நான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன்.

அரசியல் அறிவியலில் முதுகலை முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். சென்னையில் ஒரு முகவர் அனுப்பிவைத்தார். அமெரிக்க ராணுவம் ஒரு நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தது. அது இன்னொன்றிடம் கொடுத்தது. அந்த இன்னொன்று எங்களைக் கொண்டுபோய் இறக்கியது. நாட்டின் பெயரை வெளியில் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். சொல்லவில்லை. பாலைவனத்தின் விளிம்பு, செம்மண், முள்மரங்கள், முள்கம்பி. அது போதும்.

பல்கலைக்கழகத்தில் கூட்டணிகளைப் பற்றி ஒரு பருவம் முழுக்கப் படித்திருக்கிறேன். வல்லரசு சிறிய நாடுகளுக்குப் பாதுகாப்பைத் தருகிறது, பதிலுக்கு இடத்தைப் பெறுகிறது என்று தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்த இடம் எப்படி இருக்கும், அங்கே யார் பாத்திரம் கழுவுவார்கள் என்று புத்தகத்தில் இல்லை.

சரக்கறையில் எனக்கு வேலை. முதல் நாள் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, அடுப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“பாலக்கோடுங்க.”

“அட, பாலக்கோடா? தக்காளி வெல என்னாடா போவுது?”

அதற்கு மேல் அறிமுகம் தேவைப்படவில்லை. தொழிலாளர் கொட்டகையில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலை எனக்கு வாங்கிக்கொடுத்தார். அவருடைய பெட்டியில் ராகி மாவு இருந்தது. ஆளுயரத்தில் பாதி வரும் ஒரு களித் துடுப்பும் இருந்தது. அது பெட்டிக்குள் அடங்காமல் துணியில் சுற்றிக் கட்டப்பட்டு மூன்று நாடுகள் சுற்றியிருந்தது. ஒவ்வொரு வாயிலிலும் காவலர்கள் அதைப் பிடுங்கி, இது என்ன ஆயுதம் என்று கேட்பார்களாம். அவர் காற்றில் களி கிண்டிக் காட்டுவாராம்.

“ஒருத்தன் நம்பல. ஒலக்கைனு நெனச்சுகிட்டான். சரி, துப்பாக்கி வச்சிருக்கறவனுக்கு தொடப்பக்கட்டைய பாத்தாலும் பயந்தான்.”

மாதேஷ் அண்ணனுக்கு அமெரிக்கர்களைப் பிடிக்கும். இதை மறைக்க விரும்பவில்லை. நேரத்துக்கு வருவார்கள், சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்வார்கள், முன்பு வேலை பார்த்த பெங்களூர் நெடுஞ்சாலை உணவகத்தில் தனக்கு யாரும் நன்றி சொல்லிப் பார்த்ததில்லை என்பார். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பொறுப்பான ஒரு சார்ஜென்ட் அவரை ‘மேட்டி’ என்று கூப்பிடுவான். முட்டையில் பச்சைமிளகாய் போடச் சொல்லிக் கேட்டுச் சாப்பிட்டு, கண்ணில் நீர் வழியச் சிரிப்பான். கெட்டவன் அல்லன். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் இதை எழுதுவது எளிதாக இருந்திருக்கும்.

முகாமைப் பெருக்க வந்தவர்களில் மூசா என்று ஒருவர். கம்பிக்கு அப்பால் இருந்த ஊர். ஒருநாள் தன் மதியச் சாப்பாட்டைப் பிரித்தார். உருண்டையான, கெட்டியான ஒன்று. பக்கத்தில் கீரைக்குழம்பு. மாதேஷ் அண்ணன் எழுந்துபோய்க் குனிந்து பார்த்தார். விரலால் கிள்ளி வாயில் போட்டார்.

“டேய் தம்பி! கம்பங்களிடா இது! சத்தியமா நம்மூரு கம்புடா!”

மூசாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் ஓடிப்போய்த் துடுப்பைக் கொண்டுவந்து காட்டினார். மூசா அதைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அவர் வீட்டிலும் அதே போல் ஒன்று இருந்தது. அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கொட்டகைக்குப் பின்னால் மூவரும் சேர்ந்து களி சாப்பிட்டோம். யாரும் யாருக்கும் பாதுகாப்புத் தரவில்லை. மூசா கம்பு மாவு கொண்டுவருவார், அண்ணன் கிண்டுவார், நான் தின்பேன். என் பங்கு அவ்வளவுதான் என்று இருவரும் என்னைக் கேலி செய்வார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் மீந்ததை வெளியே கொடுக்கக் கூடாது. விதி. முகாமின் மூலையில் ஒரு குழி இருந்தது. மீந்த சோறு, கோழி, ஞெகிழித் தட்டு, தண்ணீர்ப் பாட்டில், பழைய மின்கலம், டயர், எல்லாம் அதில் போகும். மேலே எரிபொருளை ஊற்றிக் கொளுத்துவார்கள். காற்று பெரும்பாலும் மூசாவின் ஊர்ப்பக்கம் அடித்தது. திரும்பினால் எங்கள் கொட்டகைக்கு.

ஏன் எரிக்கிறீர்கள், வெளியே பசியோடு அத்தனை பேர் இருக்கிறார்களே என்று அண்ணன் ஒருமுறை சார்ஜென்டிடம் கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன். சாப்பிட்டுவிட்டு யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் நாங்கள் பொறுப்பேற்க வேண்டும், மேட்டி, என்றான்.

சோற்றுக்குப் பொறுப்பு உண்டு. புகைக்குக் கிடையாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு முதுகலை தேவைப்படவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை நட்பு விருந்து நடக்கும். அந்த நாட்டு ராணுவ அதிகாரிகள் வருவார்கள். பேச்சில் ‘கூட்டாளி’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். அந்த நாட்டுச் சிப்பாய்கள் வேலிக்கு அந்தப் பக்கம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அண்ணன் ஒரு பெரிய கேக் செய்தார். மேலே இரண்டு நாட்டுக் கொடிகளையும் கிரீமில் வரைந்தார். நட்சத்திரங்களைப் போட அவருக்குப் பாதி நாள் ஆனது. இரண்டு அதிகாரிகள் ஒரே கத்தியைப் பிடித்து ஓரத்தில் ஒரு துண்டு வெட்டினார்கள். படம் எடுத்தார்கள். போனார்கள். பெரிய கேக் அப்படியே மிச்சம்.

விதி விதிதான். அவரே தூக்கிக்கொண்டுபோய்க் குழியில் போட்டார். திரும்பி வந்து கை கழுவினார்.

“ரெண்டு கொடியும் சேந்துதான் எரிஞ்சுது தம்பி. அதுல மட்டும் ஒத்துமையா இருந்தாங்க.”

பிறகு அந்த நாட்டில் ஆட்சி மாறியது. புதியவர்கள் அமெரிக்கர்களைப் போகச் சொன்னார்கள். வானொலியில் என்ன பேசினார்கள் என்று மூசா தன் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். தெருவில் ஆட்கள் ஆடினார்களாம். கூட்டாளி என்ற சொல் ஒரே வாரத்தில் காணாமல் போனது.

போகிறவர்கள் எல்லாவற்றையும் எடுத்துப்போக முடியாது. விட்டுப்போகவும் மனமில்லை. எரித்தார்கள். எரித்தார்கள் என்று எழுதுவது தவறு. எரிக்கச் சொன்னார்கள். சமைக்க ஆள் குறைந்துவிட்டதால் சமையற்காரர்களைக் குழிக்கு அனுப்பினார்கள். மெத்தைகள், கூடாரங்கள், கணினிகள், வண்ணப்பூச்சு டப்பாக்கள், மருந்துகள். குழி அணையவே இல்லை. அமெரிக்கச் சிப்பாய்கள் வந்தால் முகமூடி போட்டுக்கொண்டு வந்தார்கள். எங்கள் நிறுவனம் துணி கொடுத்தது. மேசை துடைக்கும் துணி.

சரக்கறைக் கணக்கை ஒப்படைக்கிற வேலை என்பதால் நான் குழிக்குப் போகவில்லை. அண்ணன் போனார். மாலையில் வந்து துப்புவார். கறுப்பாக இருக்கும்.

“காபூல்ல இருந்து கெளம்புறப்பவும் இதேதான் தம்பி. வர்றப்ப நம்மள சமைக்கச் சொல்லுவாங்க. போறப்ப நம்மள கொளுத்தச் சொல்லுவாங்க.”

“வேண்டாம்னு சொல்லுங்கண்ணா.”

“சொல்லிட்டு? நடந்தே காரிமங்கலம் போறதா?”

எங்களுக்கு விமானம் அவர்கள் போட்டால்தான் உண்டு. கடவுச்சீட்டுகள் நிறுவனத்திடம் இருந்தன.

கிளம்பும் நாளில் துடுப்பை மூசாவிடம் கொடுத்தார். மூசா அதை வாங்கித் தோளில் துப்பாக்கியைப் போலச் சாய்த்துக்கொண்டு, முகாமைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தார். இருவரும் சிரித்தார்கள். சிரிக்கும்போதே அண்ணனுக்கு இருமல் வந்தது. அது நிற்க நேரமானது.

ஊருக்கு வந்து காரிமங்கலம் சந்தைக்குப் பக்கத்தில் சிற்றுண்டிக் கடை போட்டார். அடுப்புப் புகை ஆகவில்லை. எரிவாயுவுக்கு மாறினார். அதுவும் முடியாமல் கடையைச் செல்வி அண்ணி பார்த்துக்கொண்டார். மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு தரையில் நடக்க முடியவில்லை.

மருத்துவரிடம் நானும் ஒருமுறை உடன் போனேன். நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் நிமிராமலே கேட்டார்.

“எவ்வளவு வருஷமா பீடி?”

“குடிக்கறதில்லீங்க.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

நான் குழியைப் பற்றிச் சொன்னேன். ஆப்பிரிக்கா என்றேன். முகாம் என்றேன். வெளியே வரிசை நீண்டிருந்தது. மருத்துவர், சரி, இனிமேலாவது விட்டுவிடச் சொல்லுங்கள் என்றார். அண்ணன் சிரித்துவிட்டார். வீடு வரும்வரை, இனிமேலாவது விட்டுரணும், இனிமேலாவது விட்டுரணும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து இருமினார்.

அந்த மாதம் சார்ஜென்டிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. மேட்டி எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தான். தனக்கும் இருமலாம். குழிப் புகையைச் சுவாசித்த சிப்பாய்களுக்கென்று அவர்கள் நாட்டில் சட்டமே இருக்கிறதாம், ராணுவ மருத்துவமனையில் தன்னை நன்றாகக் கவனிக்கிறார்களாம். மேட்டியையும் நல்ல மருத்துவரிடம் காட்டச் சொன்னான்.

வாசித்துக் காட்டினேன். அண்ணனின் முகம் மலர்ந்தது.

“பாத்தியா, மறக்கல பாரு.”

அடுப்படியிலிருந்து செல்வி அண்ணி வெளியே வந்தார்.

“மறக்கலயா? அவனுக்கு வந்தா பொக. உங்களுக்கு வந்தா பீடி. அத அவனுக்கு எழுதிப் போடுங்க தம்பி.”

நான் எழுதிப் போட்டேன். சார்ஜென்ட் வருந்துவதாகப் பதில் அனுப்பினான். வருந்தத்தான் செய்திருப்பான். எங்கள் நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் திரும்பி வந்தன. அந்தப் பெயரில் இப்போது நிறுவனம் இல்லை.

எனக்குச் சார்ஜென்ட் மீது கோபமில்லை. கைகுலுக்கியவர்கள் மீது கோபம். ஒரு நாட்டுக்குள் நண்பர் என்று சொல்லி நுழைந்து, அந்த நாட்டுக் காற்றில் தன் குப்பையைக் கொளுத்தி, மூன்றாவது நாட்டு ஏழையை அதைக் கிளறவிட்டு, தன் ஆட்களுக்கு மட்டும் மருத்துவம் பார்க்கிற ஒன்றுக்கு நட்பு என்று பெயர் வைத்தவர்கள் மீது கோபம். அதைப் பாடமாக நடத்தியவர்கள் மீதும். இனி நாமும் கூட்டாளிகள் என்று தொலைக்காட்சியில் பெருமைப்படுகிறவர்கள் மீதும். மூசா அந்த ஊரில்தான் இருக்கிறார். அவருடைய எண் இப்போது வேலை செய்வதில்லை. அவர் ஊர்ப்பக்கம்தான் காற்று அடித்தது.

காரியத்தன்று போயிருந்தேன். அண்ணனின் படத்துக்கு முன்னால் இலை போட்டிருந்தார்கள். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பது எங்கள் பக்க வழக்கம். இட்லி, வடை, கறிக்குழம்பு, வெற்றிலை. குடிக்கிறவர் என்றால் ஒரு பாட்டில். புகைக்கிறவர் என்றால் அதுவும். முனுசாமி பெரியப்பா, அண்ணனின் அப்பாவுக்கு மூத்தவர், இடுப்பிலிருந்து ஒரு பீடிக்கட்டும் தீப்பெட்டியும் எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தார். கண் கலங்கியிருந்தது. அன்பாகத்தான் வைத்தார்.

செல்வி அண்ணி பார்த்தார்.

“யாருக்கு மாமா இது?”

“பையனுக்குத்தாம்மா. வெளிநாட்டுல பழகிட்டான். போற எடத்துலயாவது ஆசையா...”

அண்ணி பீடிக்கட்டை எடுத்தார். வாசலுக்குப் போனார். சாக்கடையில் எறிந்தார். தீப்பெட்டியையும். திரும்பி வந்தபோது பங்காளி ஒருவர் தூபக்காலில் நெருப்புக்கங்குகளைப் போட்டு, சாம்பிராணியைக் கையில் வைத்திருந்தார்.

“அதையும் வெளிய கொண்டு போங்க.”

“என்னம்மா பேசற? சாம்பிராணி போடாம படையலா?” என்றார் பெரியப்பா.

“அவரு நெஞ்சு பூராவும் பொக இருந்துச்சு மாமா. கக்கிக் கக்கிச் செத்தாரு. இந்த வூட்டுல இனிமே பொக வேணாம்.”

பெரியப்பா என்னைப் பார்த்தார். நீயாவது சொல்லு என்பது போல.

“அவர் பீடி குடிச்சதில்லீங்க பெரியப்பா,” என்றேன். “ஒருநாளும் குடிச்சதில்ல. நான் கூட இருந்தேன்.”

கிழவர் எழுந்து, தூபக்காலைத் தானே வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். செம்பிலிருந்த தண்ணீரைக் கங்குகள் மேல் ஊற்றி அணைத்தார். ஆவி எழுந்ததும் அதைத் தன் துண்டால் தெருப்பக்கம் விசிறித் தள்ளினார், வீட்டுக்குள் வராமல்.

அண்ணி உள்ளே போய் ஒரு கம்பங்களி உருண்டையைக் கொண்டுவந்து, பீடிக்கட்டு இருந்த இடத்தில் வைத்தார்.

மாதேஷ் அண்ணா, எழுதிவிட்டேன். இங்கே யாரும் எதையும் கொளுத்தவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.