சித்தியின் சேலையில் ஐந்து விரல்

சித்தப்பாவின் பைக் கைப்பிடியின் ரப்பர் கிரிப் வெயிலில் கிடந்து கிடந்து இளகிப்போய், தொட்டால் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டும். ஓட்டி முடித்து இறங்கும்போது அவருடைய உள்ளங்கை இரண்டும் கறுத்திருக்கும். அந்தக் கையாலேயே என்னைத் தூக்கிப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவார். என் வெள்ளைச் சட்டையின் இரண்டு பக்கமும் விரல்கள் பதிந்துவிடும். "ஏட்டி, இந்தச் சட்டைய நான் எந்தக் கல்லுல கொண்டு அடிக்க?" என்று அம்மா சாயங்காலந்தோறும் புலம்புவாள். எனக்கோ பெருமை தாங்காது. பூதப்பாண்டியில் இரண்டாம் வகுப்பு படித்த வேறு எந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு சித்தப்பா இருந்தார்?

பிறகு அவருக்குக் கல்யாணம் ஆனது. சித்தி கொட்டாரத்துக்காரி. நல்லவள்தான்; அதை இப்போது சொல்கிறேன். அப்போது அவளைக் கண்டாலே வயிறு எரியும். அவளுக்கு நாகர்கோவிலில் ஓர் ஆபீசில் வேலை. காலையில் அவளைக் கொண்டுவிட வேண்டும் என்று என்னைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டார்கள். வேனைத் தாண்டிப் போகும்போது இரண்டு பேரும் கையாட்டுவார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியின் அப்பாவும் அம்மாவும் விருந்துக்கு வந்திருந்தார்கள். சித்தப்பாவும் சித்தியும் பைக்கில் சந்தைக்குப் போய் இலை வாங்கி வந்தார்கள். வந்த வேகத்தில் சித்தி பரிமாற ஆரம்பித்தாள். சந்தன நிறச் சேலை. அவியல் வாளியோடு அவள் குனிந்தபோது பார்த்தேன். முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தன.

"சித்திக்க சேலைல சித்தப்பாக்க கை" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

சித்தியின் அப்பா பப்படத்தை மிகுந்த கவனத்துடன் நொறுக்கத் தொடங்கினார். சித்தி வாளியை வைத்துவிட்டு உள்ளே போனாள். சித்தப்பா தலை நிமிராமல் மூன்று தடவை ரசம் வாங்கிக் குடித்தார். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

மறுநாள் காலையிலேயே சித்தப்பா புதுக் கிரிப் வாங்கி வந்துவிட்டார். பழையதை பிளேடால் கீறி உரித்தார். ஹேண்டிலில் ஒட்டியிருந்த கறுப்பைப் பெட்ரோல் தொட்டுத் துடைத்தார். சோப்புத் தண்ணீர் விட்டுப் புதியதை முறுக்கி ஏற்றினார். அது காயும்வரை ஓட்டக்கூடாதாம்; அன்றைக்கு சித்தி பஸ்ஸில் போனாள். எனக்குப் பரம திருப்தி.

"பாத்தியா மக்கா, இனி உனக்க அம்மை ஏசமாட்டா" என்றார் சித்தப்பா. என் சட்டையில் கறுப்பு ஒட்டி மாதக்கணக்காகிவிட்டது என்பது அவருக்கு நினைவே இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்கு இல்லையென்றால் அவளுக்கும் வேண்டாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அதன்பிறகு சித்தியின் முதுகைத் தினமும் சோதனை போட்டேன். ஒரு பொட்டுக் கறுப்பு கிடையாது. சித்தப்பா அவளைத் தொடுவதையே விட்டுவிட்டார் என்று முடிவு கட்டினேன். இரண்டு மாதம் போனதும் அவளைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. சோறு இறங்காமல், முகம் வாடி, எந்நேரமும் படுத்தே கிடந்தாள். எல்லாம் அந்தக் கவலைதான் என்று நினைத்து, என் பங்கு முந்திரிக்கொத்துப் பலகாரத்தில் ஒன்றைக் கொண்டுபோய் அவள் கையில் வைத்தேன். ஒரு கடி கடித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தபடியே சிரித்தாள். சித்தப்பாவும் பக்கத்தில் நின்றுகொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்படிப்பட்ட கல்நெஞ்சக்காரர்களிடம் வந்து மாட்டிக்கொண்டாளே என்று, அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக சித்தியின் கட்சியில் சேர்ந்தேன்.