போடிக்கு வந்த கடல்

போன மாதம் போடியில் கடல் பார்த்தேன்.

சிரிக்காதீர்கள். போடியில் மலை உண்டு, மழை உண்டு, தெருவெல்லாம் ஏலக்காய் வாசனை உண்டு... கடல்தான் இல்லை. அந்தக் குறையையும் ஜெபராஜ் தீர்த்து வைத்துவிட்டார். என் வீட்டுக்காரரின் பள்ளிக்கூட சிநேகிதர், ஏலக்காய் வியாபாரி. ஒன்றை நினைத்துவிட்டால் முடித்துவிட்டுத்தான் சாப்பிடுவார். அடுத்தவர் என்ன நினைத்தார் என்று மட்டும் கேட்க மாட்டார்.

"மதினி, கடல் வந்துருச்சு. அண்ணனைக் கூட்டிக்கிட்டு உடனே வாங்க" என்று தேனிக்குப் போன் வந்தது. போனோம்.

ஹாலில் சோபா இருந்த இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. ஓர் ஆள் தாராளமாகப் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு பெரிசு. உள்ளே பவளப்பாறை, வெள்ளை மணல், குமிழி விடும் மோட்டார். தண்ணீர்? அசல் கடல் தண்ணீர்! ஜெபராஜின் மாமனாருக்குத் தூத்துக்குடியில் உப்பளம். அங்கிருந்து வரும் உப்பு லாரியிலேயே டிரம் டிரம்மாகக் கடலை ஏற்றி, போடியில் இறக்கிவிட்டார் மனிதர். மீன்களும் அதே லாரியில்தான் வந்தன.

எல்லாம் மனைவி கிரேஸுக்காக.

கிரேஸ் தூத்துக்குடிப் பெண். கல்யாணமாகி வந்ததிலிருந்து பிறந்த வீட்டில் சேர்ந்தாற்போல நாலு நாள் தங்கியதில்லை. ஏலக்காய் சீசன் என்பார் ஜெபராஜ். சீசன் முடிந்தால், தன் அம்மாவுக்கு முட்டிவலி என்பார். முட்டிவலி குறைவதற்குள் அடுத்த சீசன் வந்துவிடும். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அவள் ஒருநாள் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள்: "கடலைப் பாத்து ரொம்ப நாளாச்சுங்க."

இதற்கு என்ன அர்த்தம்? தமிழ் தெரிந்த யாரும் சொல்லிவிடுவார்கள். ஜெபராஜ் மட்டும் கண்ணாடிக் கடைக்குப் போனார்.

அவரை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? ஆட்டுக்கல்லில் மாவாட்டி இடுப்பு விட்டுப் போகிறது என்று ஒருமுறை நான் புலம்பினேன். மறுநாளே என் வீட்டுக்காரர் டிரான்சிஸ்டர் வாங்கி வந்தார். பாட்டுக் கேட்டுக்கொண்டே ஆட்டினால் வலி தெரியாதாம்! இந்த இனத்துக்குக் காது இருக்கிறது. காதுக்கும் மூளைக்கும் நடுவில்தான் எங்கோ லைன் கட்.

சரி, மீனுக்கு வருகிறேன்.

ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள். மஞ்சள் பட்டு உடுத்தின மாதிரி தகதகவென்று ஒரு வண்ணாத்தி மீன். பாறையடியில் குட்டி நண்டுகள். நடுநாயகமாக, உடம்பெல்லாம் கோடு போட்டு, தடித்த உதட்டோடு, யாரையோ வசூல் செய்ய வந்தவர் போல முறைத்துக்கொண்டு ஒரு கிளாத்தி மீன்.

"எதை வச்சு இதுகளைத் தேர்ந்தெடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"கலரை வச்சுத்தான் மதினி. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கக் கூடாதுன்னு சங்கு குளிக்கிற ஆளுககிட்டச் சொல்லிவிட்டேன். அங்கன பாருங்க, என்னமா மின்னுது!"

காபி கொண்டுவந்த கிரேஸ், "கிளாத்தி கடிக்கும்லா? வண்ணாத்தியோட எப்படிச் சேரும்?" என்றாள்.

"அதெல்லாம் கடல்ல. ஒரே தொட்டியில போட்டா தன்னால பழகிரும். மனுசங்களே பழகிக்கிறாக... மீனுக்கு என்ன?"

கிரேஸ் டபராவை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். காபி நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு போடியிலிருந்து வந்ததெல்லாம் துக்கச் செய்திதான். முதலில் நண்டுகளைக் காணோம். அப்புறம் ஒரு கோமாளிக்கு வால் இல்லை. அப்புறம் அந்தக் கோமாளியே இல்லை. கிளாத்தி மட்டும் நாளுக்கு நாள் மெருகேறிக்கொண்டு வந்தது. வண்ணாத்தியோ எதையும் தொட மறுத்தது. அவித்த முட்டையின் மஞ்சள் கரு, ரொட்டித் தூள், பொட்டுக்கடலை மாவு என்று ஜெபராஜ் மாற்றி மாற்றிப் பரிமாறினார். அவர் அம்மா ஜெபம்கூடச் செய்து பார்த்தார்.

கடைசியில் ஜெபராஜ் மதுரையில் ஒரு விலங்கியல் பேராசிரியருக்குப் போன் போட்டார். தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்க்கிற மாதிரி! பேராசிரியர் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்: ஒன்றின் வாய்க்குள் இன்னொன்று நுழையும் என்றால் இரண்டையும் சேர்க்காதீர்கள். ஒன்று துரத்தினால் மற்றது ஒளிய இடம் இருக்க வேண்டும். எது எதைத் தின்னும் என்று வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டும். அந்த வண்ணாத்தி உயிருள்ள பவளத்தைக் கொறிக்கும் ஜாதி. உங்கள் தொட்டியில் இருப்பது செத்த பவளம். அது பட்டினியாகத்தான் கிடக்கும்.

மீன்களைப் பற்றித்தான் சொன்னாராம்.

போன வாரம் போடியில் ஒரு கல்யாணம். சாப்பாடு முடிந்ததும் கிரேஸை எட்டிப் பார்க்கப் போனேன். ராத்திரி காற்றில் கம்பம் சாய்ந்து, காலையிலிருந்து கரண்ட் இல்லை. குமிழி மோட்டார் நின்றுவிட்டது. ஹாலில் ஜெபராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொட்டிக்குள் ரப்பர் குழாயை விட்டு, சைக்கிள் பம்பால் காற்றடித்துக்கொண்டிருந்தார். வேர்வை சொட்டச் சொட்ட.

"ஆக்ஸிஜன் மதினி, ஆக்ஸிஜன்!"

வண்ணாத்தி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கிரேஸ் கண்ணாடியில் நெற்றியை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும்ங்க. கொண்டு போயிக் கடல்ல விட்டுருவோம்" என்றாள்.

"தூத்துக்குடிக்கா? இப்பவா?"

"உப்பு லாரி இறக்கிட்டு நிக்கி. இன்னைக்கே திரும்புதுலா? நான் கூடப் போறேன்."

"நீ எதுக்கு? டிரைவர்கிட்டச் சொன்னா அவர் விட்டுருவார்."

கிரேஸ் திரும்பினாள். அவள் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன்.

"மீனைக் கூட்டிட்டு வர லாரி அனுப்புனிய. கடல் தண்ணிக்கு லாரி அனுப்புனிய. எனக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுக்கத் தோணல, என்னா? நான் கேட்டது கடலாங்க? எங்க அம்மையப் பாக்கணும்னு கேட்டேன்!"

பம்பு நின்றது. குமிழியும் நின்றது.

ஜெபராஜ் பரிதாபமாக அம்மாவைப் பார்த்தார். "அம்மாவுக்கு முட்டி..."

கட்டிலில் காலை நீட்டியிருந்த அம்மா வெடுக்கென்று சொன்னார்: "ஏலே, என் முட்டியை ஏன்லே இழுக்குறே? அது எங்கயும் ஓடிராது. புள்ளையக் கொண்டுபோய் அவுக வீட்டுல விட்டுட்டு வா."

அரைமணி நேரத்தில் லாரி கிளம்பியது. முன் சீட்டில் கிரேஸ், மடியில் ஒரு துணிப்பை. பின்னால் டிரம்களுக்கு நடுவே ஜெபராஜ், கையில் சைக்கிள் பம்பு. போடி ஏலக்காய் பஜாரே வேடிக்கை பார்த்தது.

முந்தாநாள் அவர் தேனிக்கு வந்திருந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது. மீதியை அவர் வாயாலேயே கேட்டேன்.

எட்டயபுரம் தாண்டியதும் வண்ணாத்தி மிதந்துவிட்டதாம். லாரியை நிறுத்திச் சொன்னதும் கிரேஸ் அழுதிருக்கிறாள். "வேற ஒண்ணு வாங்கித் தாரேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு மதினி... முழுங்கிட்டேன்" என்றார். அவருடைய குடும்ப வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த பேச்சு அதுதான்.

மிச்சமிருந்த கோமாளிகள் பிழைத்தன. கிளாத்தி? பரம சௌக்கியம்! கடலில் விட எடுத்தபோது ஜெபராஜின் விரலைக் கடித்து வைத்துவிட்டுப் போனதாம். கட்டு போட்டிருந்தார். இப்படிப்பட்டவர்களுக்கு எந்தத் தொட்டியிலும் ஒரு கேடும் வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

"முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு அவ சிரிச்சா மதினி. அந்தச் சிரிப்பை நான் போடியில ஒருநாளும் பாத்ததில்லை" என்றார். எனக்கு அவரைக் கிண்டல் செய்ய மனசு வரவில்லை. கிண்டல் எழுதிப் பிழைக்கிற என் தொழிலுக்கே நஷ்டம்!

"கிரேஸ் எப்ப வர்றா?" என்றேன்.

"கேக்கல மதினி. கேட்டா பதில் சொல்லிருவாளோன்னு பயமா இருக்கு."

பரவாயில்லை... ஒரு பெண்ணிடம் கேள்வி கேட்டால் பதில் வரும் என்கிற வரைக்கும் மனிதர் தேறிவிட்டார்!