அக்காவின் நானுஓயாப் பயணங்கள்

எங்கள் அக்கா கொட்டகலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தார். அப்பா எங்கள் சிறு வயதிலேயே காலமாகிவிட்டதால், அம்மாவோடு சேர்ந்து கொழுந்து எடுத்து என்னைப் படிக்க வைத்தவர் அக்காதான். அந்தப் படிப்பால் ஹட்டனில் அச்சக வேலை பார்க்கும் நான், அவருடைய முதலாண்டு நினைவுக்கு இம்மலரை என் கையாலேயே அச்சுக் கோத்திருக்கிறேன்.

அக்காவைப் போல் வேகமாகக் கொழுந்து எடுப்பவர் எங்கள் மலையில் குறைவு. ஆனாலும் மாதம் ஒரு ஞாயிறு, அன்றே கூலி கையில் கிடைக்கும் கைக்காசு வேலைக்கு அவர் போவதில்லை. அன்று கொட்டகலையில் ரயில் ஏறி நானுஓயா போய், மாலையில் திரும்புவார். "ஒரு வேலையும் இல்லம்மா, சும்மாதான்" என்பார். யார் நம்புவார்கள்? அங்கே யாரோ ஓர் ஆள் இருக்கிறான் என்று லயத்தில் பேச்சு கிளம்பியது. பெண் கேட்டு வந்தவர்கள் பின்வாங்கினார்கள். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

உண்மையை அறிய ஒரு ஞாயிறு நானும் கூடவே கிளம்பினேன். "வா தம்பி" என்று ஜன்னலோரத்தை எனக்கு விட்டார். நானுஓயாவில் இறங்கி, வடை வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். கோட்டுப் போட்ட துரை, மரக்கறி மூட்டையோடு ஒருவர், மாலையும் கழுத்துமாக ஒரு புதுப்பெண். யார் எங்கே போகிறார்கள் என்று அவராகவே ஒரு கதை சொல்லிச் சிரித்தார். அவரைத் தேடி யாரும் வரவில்லை.

"இதுக்காகவா அக்கா கைக்காச விடுற?"

"ஆறு நாளும் காலையில பெரட்டுல வரிசையா நிக்க வச்சுப் பேர் கூப்புடுறாங்க, கூடைய நிறுக்குறாங்க. இங்க என்னைய யாரும் ஒன்னும் கேக்கல தம்பி. காசும் வேணுந்தான். ஆனா இங்கன உக்காந்துட்டுப் போனா அந்த மாசம் பூரா கை வலி தெரியல. ஏன்னு எனக்கே புரியல."

வீடு திரும்பி அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அம்மா, "அடுத்த தடவ நானும் வாரேன்" என்றார். தாயும் மகளும் ஒன்றாகப் போய்வரத் தொடங்கியதும் லயத்துப் பேச்சு அடங்கியது. அடுத்த தை மாதம் அக்காவுக்குக் கல்யாணமும் நடந்தது.

பிள்ளை பிறந்து, அதற்குக் காய்ச்சல் கண்ட மாதங்களில் அக்கா அந்த ஞாயிறும் கொழுந்து எடுக்க மலை ஏறினார். காசின் அருமை தெரியாதவர் அல்லர். எல்லா ஞாயிறும் ஏறியிருந்தால் நாங்கள் இன்னும் சற்று வசதியாக இருந்திருப்போம். அப்போதும் அவர் அப்படிச் சிரித்திருப்பாரா?

சென்ற ஆண்டு நெஞ்சு நோயில் படுத்தவர் எழவில்லை. அடக்கம் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து தழைத்து நின்ற காலம். ஆனால் எங்கள் லயத்திலிருந்து ஒருவரும் அன்று கூடை எடுக்கவில்லை. கங்காணி ஐயாவும் வேலைக்குக் கூப்பிடவில்லை. காலை முதல் மாலை வரை அம்மாவின் அருகில் அமர்ந்திருந்த பெண்களுக்கும், அக்காவைச் சுமந்து சென்ற உறவினர், நண்பர்களுக்கும் அம்மாவும் மச்சானும் நானும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். அன்று நீங்கள் விட்ட கூலி எவ்வளவு என்பது எங்களுக்குத் தெரியும்.