மகள் வெறுமையாக விட்ட வட்டங்கள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் போனவள் நான். எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். அந்தப் பயம்தான் என் மகளின் கணிதக் கொப்பியைக் கெடுத்தது.

கொப்பிகளைப் பார்த்துத்தான் கணிதப் போட்டிக்கு ஆள் எடுப்பதாக டீச்சர் சொல்லியிருந்தார். ஆள் எடுக்கும் அன்று காலை மகள் தண்ணீர்ப் பீலியில் குளிக்கப் போயிருந்தபோது கொப்பியைப் புரட்டினேன். கோடு கோடாகப் போட்டு எண்கள் எழுதி, அவற்றின் மேல் வட்டங்கள் போட்டிருந்தாள். சில வட்டங்களை நிரப்பியிருந்தாள், சில வெறுமையாக இருந்தன. அவசரத்தில் விட்டுவிட்டாளே என்று பதறி, எல்லாவற்றையும் பேனையால் நிரப்பிவிட்டு வேலைக்குப் போனேன்.

பின்னேரம் அழுத முகத்தோடு வந்தாள்.

"வெறும் வட்டம்னா அந்த நம்பர் சேராதும்மா. மூணவிடக் கூடன்னா மூணு வராது. நீங்க நிரப்பினதால எல்லாம் பிழையாப் போச்சு. என்னைய எடுக்கல."

"அம்மாதான் செஞ்சிச்சுன்னு டீச்சர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே புள்ள?"

"நான்தான் பிழையா செஞ்சேன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"அத்தனை புள்ளைங்க முன்னாடி, எங்கம்மாவுக்குத் தெரியாதுன்னு எப்படிம்மா சொல்றது?"

மறுநாள் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சர் என்ன கேட்பாரோ, என்ன சொல்வதோ என்று வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். பிறகு திரும்பிவிட்டேன்.

என் பிழையை அவள் வகுப்பு முன்னால் ஏற்றுக்கொண்டாள். எனக்கு அந்தக் கேட்டுக்குள் போகக்கூடத் தைரியம் வரவில்லை. அன்று நான் அங்கே போனதே அவளுக்கு இன்னும் தெரியாது.